ஆறு நொடிக் கதவு

மைக்குக்கு முன்னால் மாட்டியிருந்த வட்ட வலைத்துணியில் யாருடைய எச்சிலோ காய்ந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. காலையில் வில்லனுக்குக் குரல் கொடுத்துவிட்டுப் போனவருடையதாக இருக்கும். வில்லன்கள்தான் எச்சில் தெறிக்கப் பேசுவார்கள். தமயந்தி அதைப் பார்க்காமல் இருப்பதற்காகத் திரையைப் பார்த்தாள். திரையில் கதவு திறந்தது. சங்கிலி மாட்டிய கதவு, ஒரு சாண் அகலம். அந்தச் சந்தில் வெள்ளைக்காரியின் பாதி முகம், ஒரு கண், ஒரு மூக்குத் துவாரம். மூக்கு விடைத்தது, உதடு ஒரு பக்கமாகக் கோணியது, வாய் அசைந்தது, கதவு மூடியது. ஆறு நொடி. அந்த ஆறு நொடிக்குள், “ச்சீ... கீழ போங்க. உங்க நாத்தம் உள்ள வருது” என்று தமயந்தி பேசி முடிக்க வேண்டும். பேசினாள். வார்த்தை வாயில் சரியாகத்தான் ஒட்டியது. ஆனாலும் தடுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டப்பிங் நடத்தும் லோகநாதன் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைக்க ஆரம்பித்தார். அவர் கண்ணாடி துடைத்தால் டேக் சரியில்லை என்று அர்த்தம். பத்தொன்பது வருஷமாக அவர் துடைப்பதைப் பார்த்து வருகிறாள். “தமயந்திம்மா,” ஹெட்போனுக்குள் அவர் குரல் காதோடு காதாக வந்து உட்கார்ந்தது. “உங்க சீ நல்லாத்தான் இருக்கு. ஆனா இது பஸ்ஸுல கால மிதிச்சவனப் பாத்து சொல்ற சீ. இவ முப்பத்தெட்டாவது மாடிக்காரி. பெரிய மனுஷி சீ வேணும் எனக்கு.” பக்கத்தில் பொத்தான்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பீட்டர் ஏதோ சொல்லிச் சிரித்தான். அது அவளுக்குக் கேட்கவில்லை. பல் மட்டும் தெரிந்தது. ஹெட்போன் பஞ்சு காதைச் சுற்றிப் பிசுபிசுத்தது. எத்தனை பேர் தலை எண்ணெய் இதில் ஊறியிருக்கும். தேங்காய் எண்ணெய், மூலிகை எண்ணெய், ஏதோ ஒரு நடிகரின் சாயம் போட்ட தலை. அத்தனையும் இப்போது அவள் காதில். திரும்பவும் கதவு திறந்தது.

எந்த நாட்டுப் படம் என்று அவள் கேட்கவில்லை. நாற்பது மாடிக் கட்டடம் ஒன்று. வெளியே ஊர் அழிந்துவிட்டது. ஏன் அழிந்தது என்பது வேறு ரீலில் வருமாம். கட்டடத்துக்குள்ளேயே உலகம். மேல் மாடிகளில் தண்ணீரும் விளக்கும் சின்னத் தோட்டமும் உண்டு. கீழ் மாடிகளில் எதுவும் இல்லை, ஜன்னல் வரை குப்பை. கீழே இருப்பவர்கள் ஒவ்வொரு மாடியாக ஏறி வருகிறார்கள், மேலே இருப்பவர்கள் ஒவ்வொரு மாடியாகப் பூட்டிக்கொண்டு போகிறார்கள். முப்பத்தெட்டாவது மாடியில் இருக்கும் எலினாதான் படம் முழுக்க. வழக்கமாக இந்த மாதிரி முகங்களுக்குப் பேசும் சுமித்ராவுக்குத் தொண்டையில் சீழ் வைத்துவிட்டது. காலை எட்டு மணிக்கு லோகநாதன் சார் தமயந்திக்குப் போன் செய்தார். “இத்தன வருஷமா க்ரவுடுலயே நிக்கறீங்களே, ஒரு தடவ முன்னாடி வந்து நில்லுங்க.” நாலு மணிக்குப் படக் கம்பெனி ஆள் வந்து இந்த ஒரு கட்டத்தைக் கேட்பார். கதவுக் காட்சிதான் படத்துக்கே உயிராம். அவருக்குப் பிடித்தால் எலினா முழுவதும் தமயந்தி. பிடிக்காவிட்டால் ஹேமாவதி, அவளுக்கும் சொல்லி வைத்தாயிற்று என்று லோகநாதன் சாரே சொன்னார், ஒளிக்கவில்லை. இப்போது மணி இரண்டு ஐம்பது. பத்தொன்பது வருஷமாக அவள் பேசியதெல்லாம் முகமில்லாத பேச்சு. சந்தைக்காரி, சாவு வீட்டில் மாரடிக்கும் பத்துப் பேரில் மூன்றாவது, வெள்ளத்தில் பிள்ளையைத் தேடுபவள், “ஐயோ காப்பாத்துங்க”, “அய்யய்யோ யாராச்சும் வாங்களேன்”. க்ரவுடுக்கு வசனத் தாள் கிடையாது. ஆறு பேர் ஒரே மைக்கைச் சுற்றி நின்று வாயில் வந்ததைப் பேசவேண்டும், கத்தவேண்டும், அழவேண்டும். பேசி முடித்து வெளியே போனதும் பீட்டர் உள்ளே வந்து மல்லிகை வாசனை ஸ்பிரே அடிப்பான். முதல் தடவை அதைக் கதவுக் கண்ணாடி வழியே பார்த்தபோது அவளுக்கு ஏன் என்று புரியவில்லை. புரிந்த நாளிலிருந்து அவள் பையில் ஒரு மாற்றுப் புடவை இருக்கும். பஸ்ஸில் வந்த புடவையை ஸ்டுடியோக் குளியலறையில் அவிழ்த்து, பாலிதீன் உறையில் போட்டு இறுக்க முடிச்சுப் போட்டுவிடுவாள். எங்கே வீடு என்று கேட்டால், சோழிங்கநல்லூர் பக்கம். பக்கம் என்பது எவ்வளவு நல்ல வார்த்தை. எதையும் அதற்குள் ஒளித்து வைக்கலாம்.

“ஒன் மோர்.” பன்னிரண்டாவது டேக். வளையல் கழற்றிய மணிக்கட்டு குளிரில் சிலிர்த்தது. “நிறுத்துங்க, நிறுத்துங்க. எனக்கு இப்பத்தான் புரியுது,” என்றார் லோகநாதன் சார். “நீங்க மூச்ச அடக்கிட்டு சீங்கறீங்க. அவளப் பாருங்க. பீட்டர், ஸ்லோவா ஓட்டு. பாத்தீங்களா, மூக்கு விடைக்குதா? இழுக்கறா. மொதல்ல மோந்து பாக்கறா. மோந்தப்புறம்தான அருவருப்பு வரும்? நீங்க மோக்காமயே அருவருக்கறீங்க.” தமயந்தி சரி என்று தலையாட்டினாள். ஆட்டிய பிறகுதான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. திரையில் மூக்கு விடைக்கும் இடத்தில் அவள் மூச்சு தானாக நின்றது. மறுபடி பார்த்தாள், மறுபடியும் நின்றது. நாற்றம் என்றால் மூச்சை அடக்கவேண்டும், இழுப்பார்களா யாராவது? குடியிருப்பின் நுழைவாயிலிலிருந்து அவள் பிளாக் படிக்கட்டு வரை நாற்பத்திரண்டு எட்டு. வாயிலில் நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டால் படிக்கட்டு வரை தாங்கும். அதற்குள் யாராவது பேச்சுக் கொடுத்தால் தொலைந்தோம். அதனால் அங்கே யாரும் யாருக்கும் பேச்சுக் கொடுப்பதில்லை. கையைத் தூக்குவார்கள், தலையை ஆட்டுவார்கள், இரண்டாவது மாடி ஏறிய பிறகுதான், “எப்ப வந்தே?” மூன்று வயதுப் பிள்ளைகூடக் கன்னத்தை உப்பிக்கொண்டு அந்த நாற்பத்திரண்டு எட்டைக் கடக்கும். மூச்சை இழுப்பவர்கள் வெளியாட்கள். கணக்கெடுக்க வந்த அம்மா இழுத்தாள். கட்டில் கொண்டுவந்த கடை ஆட்கள் இழுத்தார்கள். மகள் சங்கவியின் கல்லூரித் தோழி ஒருத்தி சொல்லாமல் கொள்ளாமல் வந்து, வாயிலில் ஸ்கூட்டியை நிறுத்தி ஒரு தரம் ஆழமாக இழுத்தாள். அன்றைக்குச் சங்கவி இரவு சாப்பிடவில்லை. தெரியாதவன்தான் இழுப்பான். தெரிந்தவனுக்கு மூக்கு எதற்கு? எத்தனை வருஷமாக அவள் எதையும் முகர்ந்து பார்க்கவில்லை என்று யோசித்துப் பார்த்தாள். குழம்பைக்கூட நாக்கில் வைத்துத்தான் பார்க்கிறாள். எதையும் முகரவில்லை. ஞாயிற்றுக்கிழமையைத் தவிர. ஞாயிற்றுக்கிழமையை இப்போது நினைக்கவேண்டாம்.

பதினைந்தாவது டேக்கில் மூச்சை இழுத்தாள், ஆனால் இருமல் வந்தது. பதினாறில் இழுத்த மூச்சு விம்மல் மாதிரி கேட்டது. “அழாதீங்கம்மா, அழறவ கீழ் வீட்டுக்காரி. நீங்க மேல் வீடு,” என்றார் லோகநாதன் சார். “பீட்டர், அஞ்சு நிமிஷம் விடு. அம்மா, போய் மூஞ்சியக் கழுவிட்டு வாங்க. எங்கயாச்சும் நல்லா நாறுற எடமாப் பாத்து நின்னு ஒரு இழுப்பு இழுத்துட்டு வாங்க. நம்ம ஊருல அதுக்கா பஞ்சம்?” பீட்டர் இப்போது கேட்கும்படியாகவே சொன்னான்: “சார், இது ஃபாரின் நாத்தம் சார். நம்ம கூவம் மேட்ச் ஆவாது.” அவளும் சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடங்களில் சிரித்துவிடுவது பத்தொன்பது வருஷப் பழக்கம். குளியலறையில் ஆணியில் அவளுடைய பாலிதீன் உறை தொங்கியது. வாஷ் பேசினில் யாரோ துப்பிய வெற்றிலைச் சாறு வழிந்து, ஓட்டையைச் சுற்றி ஒரு சிவப்பு வளையமாக நின்றது. குழாயைத் திறந்தாள். தண்ணீர் சுழன்று அந்தச் சிவப்பை இழுத்துக்கொண்டு ஓட்டைக்குள் இறங்கியது. எங்கே போகிறது? கீழே. எல்லாம் கீழேதான் போகிறது. இது இரண்டாவது மாடி. கீழே ஒரு ஜெராக்ஸ் கடை. இதை யோசிக்கவே மாட்டோம், குழாயைத் திருகினால் போயிற்று. போயிற்று என்றால் இன்னொரு இடத்துக்கு வந்தது என்று அர்த்தம் என்பதை அவளுக்குத் தரைத்தளத்துத் தேசம்மாதான் காட்டினாள், அதையும் சிரித்துக்கொண்டே காட்டினாள். “இன்னாடி தமயந்தி, நேத்து தலைக்கு ஊத்திக்கினியா? செம்பருத்தி ஷாம்புவா? என் வூட்டு பாத்ரூம்ல நொர நொரயா வந்து நின்னுச்சு. நானும் கையில வாரித் தலையில தேச்சிக்கலாமான்னு பாத்தேன்.” நான்காவது மாடிக்காரி மீன் கழுவியது, ஆறாவது மாடியில் கைக்குழந்தை இருப்பது, யார் வீட்டில் வாந்தி, யார் வீட்டில் பேதி, அத்தனையும் தரைத்தளத்தில் தேசம்மாவுக்குத் தெரியும். குழாய் அடைத்துக்கொண்டால் எட்டு மாடியும் அவள் வீட்டு ஓட்டை வழியாகத்தான் திரும்பி வரும்.

அது தேசம்மாவின் வீடே இல்லை. அவள் நினைப்பு போய்ப் போய் முட்டுகிற இடம் இதுதான். ஆற்றோரத்துக் குடிசைகளை எடுத்துவிட்டு வீடு கொடுத்தபோது எந்த மாடி யாருக்கு என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். கல்யாண மண்டபத்தில், நீல நிறப் பிளாஸ்டிக் வாளி, மடித்த துண்டுக் காகிதங்கள். வந்திருந்த அத்தனை சனமும் தரைத்தளம் கேட்டுத்தான் வேண்டிக்கொண்டது. தரையிலேயே பிறந்து தரையிலேயே கிடந்த சனம். மாடி என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. கீழ்வீடு என்றால் வாசல் இருக்கும், இட்லிக் கடை போடலாம், தண்ணீர் சுமக்க வேண்டாம். “செத்தா எறக்கறது செரமமாச்சே,” என்று ஒரு கிழவர் வாளியில் கையை விடாமல் அடம் பிடித்தார். தமயந்திக்குத் தரைத்தளம் விழுந்தது. எஃப் பிளாக், நான்காம் எண். பக்கத்தில் நின்றவர்கள் அவள் கன்னத்தைக் கிள்ளினார்கள், லாட்டரி விழுந்த மாதிரி. தேசம்மாவுக்கு ஏழாவது மாடி. தேசம்மா சீட்டைப் பிரித்ததும் மண்டபத்திலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். “எம் முட்டிய வச்சிக்கினு நான் எங்கடி ஏறுவேன்? ஏழு மாடி ஏத்தறதுக்கு என்ன கொன்னுட்டுப் போவச் சொல்லு.” தமயந்தி சீட்டை மாற்றிக்கொண்டாள். ஒரு கையெழுத்துதான். பெரிய தியாகம் செய்கிறோம் என்று அப்போது நெஞ்சு விம்மியது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. புருஷன் உயிரோடு இருந்தவரை அதைச் சொல்லிச் சொல்லியே திட்டினான்: ராணி மாதிரி வாசலில் உட்கார வேண்டியவள், புறாக்கூட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டாளே என்று. தேசம்மா அந்தத் தீபாவளிக்கு மஞ்சள், குங்குமம், ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்தாள். இந்த வீடு தமயந்தி குடுத்த வீடு என்று பிளாக் முழுக்கச் சொன்னாள். இரண்டாவது மழையில் முதல் தடவையாக அவள் குளியலறையில் தண்ணீர் கீழே இறங்காமல் மேலே ஏறியது. அன்றைக்குத் தமயந்தி ஏழாவது மாடியில் நின்று எட்டிப் பார்த்தபோது, கீழே முட்டி வரை புடவையைச் சொருகிக்கொண்டு முறத்தால் அதைத் தெருவுக்கு அள்ளிக்கொண்டிருந்த தேசம்மாவைப் பார்த்தபோது, ஐயோ பாவம் என்றுதான் நினைத்தாள். சத்தியமாக அதைத்தான் முதலில் நினைத்தாள். அதற்கு அடியில் இன்னொன்று, தொண்டைக்குக் கீழே ஒரு சின்னக் குளிர்ச்சி, நல்ல வேளை. நல்ல வேளை, நல்ல வேளை. ஆறு வருஷமாக ஒவ்வொரு முறை குழாயைத் திருகும்போதும் அந்தக் குளிர்ச்சி. தேசம்மா ஒரு தரமாவது, உன் வீட்டில்தான் நான் சாகிறேன் என்று சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சண்டை போட்டிருக்கலாம். அவளுக்கு அது தோன்றவே இல்லை. அதனால்தான் தமயந்திக்கு அவளைக் கண்டாலே குமட்டத் தொடங்கியது. முதலில் அந்தப் பிளாக்கின் வாடை, பிறகு அந்த வீட்டின் வாடை, கடைசியில் அவள் சிரிப்பு.

“ரெடியாம்மா?” ரெடி. மணி மூன்று இருபத்தைந்து. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஆள் வந்து உட்கார்ந்திருந்தார். கம்பெனி ஆள், நாலு மணிக்கு வருகிறேன் என்றவர் முன்னாலேயே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, மடியில் இரண்டு போன். லோகநாதன் சார் அவர் பக்கம் சாய்ந்து ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். அவர் கேட்டுக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார். ஹேமாவதி கிளம்பியிருப்பாள். ஹேமாவதிக்கு மூச்சு இழுக்கத் தெரியும். அவள் வீட்டில் நாய்க்குக்கூடப் பவுடர் போடுகிறார்கள். தமயந்தி வலைத்துணிக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனாள். அந்தக் காய்ந்த எச்சிலை முகர்ந்தால் வருமா? வரவில்லை. அது வெறும் எச்சில். அதைப் பார்த்தால் சும்மா முகம் சுளிக்கலாம். எலினாவின் முகத்தில் இருப்பது சுளிப்பு இல்லை. அந்த ஒற்றைக் கண்ணை இத்தனை தடவை பார்த்ததில் தமயந்திக்கு அது தெரிந்துவிட்டது. அந்தக் கண்ணில் பயம் இருந்தது. கதவுக்கு வெளியே நிற்பவளை எலினாவுக்குத் தெரியும். எங்கேயோ தெரியும். படத்தில் அப்படி இல்லாமல் இருக்கலாம், லோகநாதன் சாருக்குத் தெரியாமல் இருக்கலாம். கேமரா கீழ் வீட்டுக்காரியின் முதுகுக்குப் பின்னாலிருந்து எடுக்கிறது. அவள் முகம் ஒரு முறைகூடத் தெரியவில்லை. கலைந்த கொண்டை, பக்கத்தில் ஒரு குழந்தையின் கை. தண்ணீர் கேட்க வந்திருக்கிறாள். முப்பத்தெட்டு மாடி ஏறி. தேசம்மா ஏழு மாடி ஏறினாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லிஃப்ட் வேலை செய்து எட்டு மாதம் ஆகிறது, அந்த முட்டியை வைத்துக்கொண்டு. தனியாக வரவில்லை, மருமகளையும் ஏற்றிக் கூட்டிவந்தாள். பிள்ளை பெற்றுப் பதினோரு நாள். முதலில் கதவு தட்டும் சத்தம்தான். தமயந்தி தொண்டைக்கு உப்புத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். துப்பிவிட்டு வந்து, சங்கிலியை எடுக்காமல் கதவைத் திறந்தாள். “நான்தாண்டி தமயந்தி. தூங்கினியா?” கேட்டுவிட்டு மூச்சு வாங்கினாள். “கீழ பூரா ரொம்பி நிக்கிது. உள் ரூம் வரிக்கும் வந்துச்சு. பச்ச ஒடம்புக்காரி, எங்கடி ஒக்காருவா? ஒரே ஒரு தபா உன் பாத்ரூம்ல வுட்டுக்கினு போறேன். நானே பினாயில் போட்டுக் கழுவி வுட்டுர்றேன்.” பின்னால் அந்தப் பெண் சுவரில் சாய்ந்து நின்றாள். கணுக்கால் வரை கறுப்பாக ஈரம். தோளில் துணிச்சுருள், அதற்குள் குழந்தை. முகம் வெளுத்து, கண்ணை மூடிக்கொண்டு, எதுவும் கேட்காமல். அப்போதுதான் தமயந்தி இழுத்தாள். ஆறு வருஷமாக அடக்கிய மூக்கு அன்றைக்குத் தன்னால் திறந்தது. சாக்கடை, அதன் மேலே தீட்டு ரத்தம், அதன் மேலே திரிந்த பால், அத்தனைக்கும் மேலே, லேசாக, செம்பருத்தி. அவளுடைய ஷாம்பு. அன்று காலை அவள் தலையிலிருந்து இறங்கிப் போனது, அந்தப் பெண்ணின் கணுக்காலில் ஏறிக்கொண்டு ஏழு மாடி திரும்பி வந்து நின்றது.

திரையில் கதவு திறந்தது. மூக்கு விடைத்தது. தமயந்தி இழுத்தாள். அறையில் இருந்த எதையும் முகரவில்லை, ஞாயிற்றுக்கிழமையை முகர்ந்தாள். மூச்சு எங்கும் தடுக்காமல் அடிவயிறு வரை இறங்கியது, அங்கே எதையோ தொட்டது, திரும்பி வரும்போது தானே சத்தமாகி வந்தது. “ச்சீ...” சத்தமே இல்லாத சீ. கத்தவில்லை, இழுக்கவில்லை, பாதி காற்று. மிச்சத்தை அவள் பேசினாளா, எலினா பேசினாளா, கீழ போங்க, உங்க நாத்தம் உள்ள வருது, கதவு மூடியது. அன்றைக்கும் இவ்வளவுதான். நாக்குக்கு வார்த்தை வேண்டியிருக்கவில்லை. ச்சீ என்றாள், கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து சங்கவி, “யாரும்மா?” என்று கேட்டாள். “யாருமில்ல,” என்றாள்.

லோகநாதன் சாரின் கண்ணாடி அவர் மூக்கிலேயே இருந்தது. பிறகு பீட்டர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினான். கம்பெனி ஆள் முன்னால் குனிந்து, பேசும் பொத்தானைத் தானே அழுத்தினார். “மேடம், சத்தியமா சொல்றேன், எனக்கே ஒடம்பு கூசிப்போச்சு. நான்தான் கதவுக்கு வெளிய நிக்கறேனோன்னு நெனச்சேன்.” லோகநாதன் சார் குரலில் பெருமை வழிந்தது. “பத்தொன்பது வருஷமா கூட்டத்துக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தேன் சார் இவங்கள. ஹேமாவ வர வேணாம்னு சொல்லிடு பீட்டர். எலினா இவங்கதான். அம்மா, திங்கக்கெழமையிலருந்து காலைல ஒம்போதுக்கு வந்துடுங்க.” வந்துவிட்டது. இவ்வளவு நாள் எதிர்பார்த்தது வந்துவிட்டது. வயிற்றுக்குள் ஏதாவது துள்ளும் என்று நினைத்திருந்தாள். கையைத் துடைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. எதையும் தொடவில்லை, ஆனாலும் துடைத்துக்கொள்ள வேண்டும் போல. பீட்டர் மல்லிகை ஸ்பிரேயை எடுக்கவில்லை. அந்த டப்பா அவன் காலடியில்தான் நின்றது. இனிமேல் அவள் வெளியே போனால் அவன் அதை எடுக்க மாட்டான் என்று தோன்றியது. சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த நாற்பத்திரண்டு எட்டு. நாலு நாளாகப் பின்பக்கப் படிக்கட்டு வழியாகத்தான் ஏறுகிறாள், அங்கே விளக்கு கிடையாது, நாய் குட்டி போட்டிருக்கிறது. முன்பக்கம் போனால் எஃப் பிளாக், நான்காம் எண்ணின் வாசலைத் தாண்டாமல் போக முடியாது. அந்த வாசலில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். கையைத் தூக்குவார்கள்.

“அம்மா, போய்டாதீங்க,” என்றார் லோகநாதன் சார். “இருக்கறதே இருக்கீங்க, அந்தக் கீழ் வீட்டுக்காரிய முடிச்சுடலாம். க்ரவுடு நாளைக்குத்தான் வருது. சார் முழு சீனையும் கேட்டுட்டுப் போயிடட்டும். கதவு தெறக்கறதுக்கு முன்னாடி ரெண்டு வரி, மூடினப்புறம் ஒரு அழுக. குரல மட்டும் மாத்திக்குங்க. முதுகுதான் தெரியுது, வாய் ஒட்ட வேண்டியதில்ல. ஷீட்டும் இல்ல. உங்களுக்குச் சொல்லணுமா, தண்ணி பட்ட பாடு.” அவள் மைக்கிலிருந்து ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றாள். க்ரவுடு நிற்கிற இடம். அங்கே தரை விரிப்பில் பல வருஷத்துக் கால்கள் தேய்த்த பள்ளம் ஒன்று உண்டு. பாதம் அதைத் தானே கண்டுபிடித்தது. திரையில் மூடிய கதவு. கலைந்த கொண்டை. குழந்தையின் கை. வாயில் வந்ததைப் பேசவேண்டும், அவ்வளவுதான், ஆயிரம் தடவை பேசியிருக்கிறாள், அம்மா தாயே தண்ணி குடுங்கம்மா, புள்ள மயங்கிருச்சும்மா. “நான்தாண்டி தமயந்தி,” என்று வாயில் வந்தது. “தூங்கினியா?” ஹெட்போனில் சங்கிலி ஆடும் சத்தம், கதவு, பிறகு மிக அருகில், யாரோ அவள் கழுத்தில் மூக்கை வைத்து இழுத்தது போல, சற்றுமுன் பதிவான அவளுடைய மூச்சு. ச்சீ. கீழ போங்க. கதவு மூடியது. “பச்ச ஒடம்புக்காரிக்கு ஒரு எடம் கேட்டேன்,” என்பதற்குள் லோகநாதன் சார் சிரிப்பு உள்ளே வந்துவிட்டது. “உங்க பேரையே கூப்பிட்டுக்கறீங்களேம்மா! சந்தோஷத்துல பேசறீங்க போல. பேரு மட்டும் வேணாம், மத்தது அப்படியே இருக்கட்டும், ரொம்ப அசலா இருக்கு. மூடினப்புறம் நல்லா அழுதுடுங்க. கதவ இடிச்சு அழுங்க.”

இன்னொரு முறை. பெயரை விட்டுவிட்டுப் பேசினாள். மூச்சு வந்தது, சீ வந்தது, கதவு மூடியது. இப்போது அழவேண்டும். பத்தொன்பது வருஷமாக, கேட்ட மாத்திரத்தில், எந்தச் சாவுக்கும் எந்த வெள்ளத்துக்கும் அழுத தொண்டை. மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திய பிறகு அவள் உடனே நகர்ந்துவிடவில்லை. சங்கிலியைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். தேசம்மா கதவை இடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். என் வீட்டை எடுத்துக்கோடி, உன் வீட்டைக் கொடுடி என்று ஏழு மாடியும் கேட்கக் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள், கத்தினால் பதில் சொல்லலாம் என்று வாயில் வார்த்தைகூடத் தயாராக இருந்தது. வெளியே தேசம்மா மருமகளிடம் சொன்னது கேட்டது. அதை இப்போது தமயந்தி, தன் குரலில் இல்லாமல், தேசம்மாவின் குரலில், மெதுவாகச் சொன்னாள்: “அவளுக்கு ஒடம்புக்கு முடியல போலகீது. வா. செவுத்தப் புடிச்சிக்கினு எறங்கு. பாத்து.”

லோகநாதன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இல்லம்மா. எமோஷனே வரலயே. கதவ அறைஞ்சு சாத்தினா யாராச்சும் இப்படிப் பேசுவாங்களா? பாக்கறவன் நம்ப மாட்டான். திட்டுங்க, சாபம் விடுங்க, அழுங்க. அழுக உங்களுக்குப் பிஸ்கட் சாப்பிடற மாதிரி ஆச்சே.” “இன்னொரு தடவ போடுங்க சார்,” என்றாள். பீட்டர் போட்டான். அழவில்லை. “இன்னொரு தடவ.” கம்பெனி ஆள் ஒரு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். லோகநாதன் சார் கடிகாரத்தைப் பார்த்தார். கேட்டுக் கேட்டு அவளுக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. கதவு திறப்பதற்கும் சீ வருவதற்கும் நடுவில், மூச்சு உள்ளே போகும் நேரம், அரை நொடி இருக்கும். அந்த அரை நொடி வரைக்கும் அந்தக் கதவுக்காரி எதையும் சொல்லவில்லை. சங்கிலியை எடுக்கலாம். வா என்று சொல்லலாம். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் தமயந்தியின் நெஞ்சு நின்று, காத்திருந்து, பிறகு சீ வந்தது, பதிவானது பதிவானபடியே வந்தது. “இன்னொரு தடவ சார்.” வலைத்துணியின் எச்சில் வெள்ளை, குளிர், பாதத்துக்கடியில் அந்தப் பள்ளம். மூடிய கதவு. அவள் கையைத் தூக்கி, சத்தம் பதிவாகாதபடி, காற்றில் தட்டினாள். சங்கிலி ஆடியது. கதவு ஒரு சாண் திறந்தது. உள்ளே அவள் மூச்சை இழுக்கத் தொடங்கினாள்.